அறுகா, அருகா? அறுகம்புல்லின் பெயரும் பயனும்: இராமநாதபுரம் கடலோரத்துக்கான கேள்வி பதில்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஊரணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் காலில் மிதிபடும் புல்தான் இது. பூக்கடையில் கேட்கும் கேள்வி ஒன்று, ஆட்டுக்காரர் கேட்பது வேறொன்று, பொட்டலம் அச்சடிப்பவர் கேட்பது இன்னொன்று. அடிக்கடி வருகிறவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம்.

அருகம்புல்லா, அறுகம்புல்லா? எது சரி?

இரண்டும் புழக்கத்தில் உண்டு. பழைய வடிவம் எதுவென்றால், வல்லின 'ற' போட்ட அறுகு. சங்கப் பாடலில் அது 'அறுகை'. அகநானூற்றின் 136ஆம் பாட்டு ஒரு கல்யாண நாளைச் சொல்கிறது. கன்று கறித்த பள்ளத்தில் அடர்ந்திருக்கும் அறுகையின் முகையை வாகை இலையோடு சேர்த்து, வெண்ணூலில் கட்டி மணப்பெண்ணுக்குச் சூட்டுகிறார்கள். மேய்ச்சல் புல்லும் அதுதான், மங்கலப் புல்லும் அதுதான் என்பது அந்த ஒரே பாட்டிலேயே வந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் புல்லை 'அறுகு' என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். மலையாளத்தில் 'கறுக' என்கிறார்கள். அங்கும் 'ற'தான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் இன்றைக்கும் அறுகு என்றே எழுதுகிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் அலைச்சறுக்குக்குப் பேர்போன கடற்கரையின் பெயர் அறுகம் குடா.

பிறகு 'ர' எப்படி வந்தது? நம் பேச்சில் இரண்டு எழுத்துக்கும் ஒலி வேறுபாடு இல்லை. கறியும் கரியும் வாயில் ஒன்றாகத்தான் வருகின்றன. காதில் கேட்டபடி எழுதியவர்கள் 'அருகம்புல்' என்று எழுதினார்கள். பொட்டலங்களும் நாட்டுமருந்துக் கடைப் பலகைகளும் அதையே பரப்பின. பள்ளிக் கட்டுரை, பெயர்ப்பலகை, அழைப்பிதழ் என்றால் 'அறுகு' என்று எழுதுங்கள். யாராவது 'அருகு' என்று எழுதியிருந்தால் அடித்துத் திருத்திச் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த எழுத்தும் ஊன்றிவிட்டது.

அருகே அருகே படர்வதால் 'அருகு' என்று பெயர் வந்தது என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. பழைய எழுத்தில் 'ற' இருக்கும்போது 'பக்கம்' என்று பொருள்படும் 'அருகு' இதற்கு வேர்ச்சொல் ஆக முடியாது. போதாததற்கு, 'அருகு' வினைச்சொல்லாக வந்தால் 'குறைந்துபோ' என்று பொருள். 'அருகி வரும் கடற்பசு' என்று மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுதுகிறார்களே, அந்த அருகுதல்தான். இந்தப் புல்லோ குறையவே குறையாது.

இன்னொரு விளக்கமும் சொல்வார்கள்: அறுத்தாலும் தளிர்ப்பதால் அறுகு. எழுத்து இடிக்கவில்லைதான். ஆனால் அறுத்தால் தளிர்க்காத மேய்ச்சல் புல் எது? எல்லாப் புல்லுக்கும் பொருந்துகிற காரணத்தை ஒரு புல்லுக்கு மட்டும் பெயராக ஏற்ற முடியாது. இன்னொன்று: நிகண்டுகளில் 'அறுகு' என்பதற்குச் சிங்கம், யாளி என்ற பொருள்களும் உண்டு. பழைய செய்யுளில் அறுகு பாய்ந்தது என்று வந்தால் புல்லைத் தேடாதீர்கள்.

அறுகு, அறுகம்புல், அறுகங்கட்டை, தூர்வை எல்லாம் ஒன்றா?

செடி ஒன்று, சொல்லுகிற பகுதி வேறு. அறுகு என்பது செடியின் பெயர். அதோடு 'அம்' சாரியை சேர்ந்து அறுகம்புல் ஆகிறது. புளி, புளியம்பழம் ஆவது மாதிரி. 'க' வரும்போது மெல்லெழுத்து மாறி அறுகங்கட்டை என்று வரும். அது தரைக்குள் ஓடும் கணுக்கட்டையைக் குறிக்கும். 'அறுகங்கட்டையும் ஆபத்துக்கு உதவும்' என்ற பழமொழியில் வருவது அதுதான். பச்சை எல்லாம் கருகின கோடையிலும் தோண்டினால் அந்தக் கட்டை உயிரோடு கிடக்கும். தூர்வை வடமொழிப் பெயரின் தமிழ் வடிவம். பூசைப் பேச்சில்தான் அதிகம் கேட்கலாம். சித்த மருந்துக் கடையில் 'அறுகன் தைலம்' என்று கேட்டால் அறுகு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயைத் தருவார்கள். பேச்சில் 'அருகம்புல்லு', 'அருகம்பில்லு' இரண்டும் உண்டு. எழுத்தில் வேண்டாம்.

புணர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. இலக்கணப்படி 'அறுகம்புன்மாலை', 'அறுகம்புற்சாறு' என்று சேர்த்து எழுதலாம். பூக்கடைப் பலகையில் அப்படி எழுதினால் வாங்க வந்தவர் திகைத்து நிற்பார். 'அறுகம்புல் மாலை' என்று பிரித்தோ, 'அறுகு மாலை' என்று சுருக்கியோ எழுதுவது மேல்.

தாவரவியல் பெயர் என்ன? 'பெர்முடா' என்று ஏன் வருகிறது?

சைனோடான் டாக்டிலான். 1753இல் லின்னேயசு இதை வேறொரு பேரினத்தில் வைத்து 'டாக்டிலான்' என்று பெயரிட்டார். 1805இல் பெர்சூன் இப்போதைய பேரினத்துக்கு மாற்றினார். இரண்டு சொல்லும் கிரேக்கம். முதலாவதற்கு நாய்ப்பல் என்று பொருள். கட்டையின் கணுவில் கூராக முளைக்கும் செதில் மூடிய மொட்டைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். இரண்டாவது விரலைக் குறிக்கும். கதிர் விரித்த விரல் மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். பெர்முடா புல் என்பது ஆங்கிலத்தில் நிலைத்த பெயர், புல்லின் பிறப்பிடம் அந்தத் தீவு இல்லை. தெலுங்கில் கரிக, கன்னடத்தில் கரிகெ, இந்தியில் தூப். விதைக் கடையிலோ புல்தரைக் கடையிலோ 'பெர்முடா' என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதே இனம், அல்லது இதைக் கலந்து உண்டாக்கிய நுண்ணிலைப் புல். பூசைக்கும் சாற்றுக்கும் அந்தக் கலப்பினத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தரையில் பார்த்தால் இதுதான் அறுகு என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் கதிரைப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து 3 முதல் 6 மெல்லிய விரல்கள் விரிந்திருக்கும். நாலு அல்லது ஐந்துதான் வழக்கம். ஒவ்வொன்றும் 2 முதல் 6 செ.மீ. நீளம், நிறம் பச்சையிலிருந்து லேசான ஊதா வரை. விரலின் நுனி வரைக்கும் சிறு மணிகள் இருக்கும், முள் மாதிரி மயிர் நீட்டிக்கொண்டிருக்காது.

கதிர் இல்லாத காலத்தில் ஓடுதண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தரையோடு ஒட்டி ஓடும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். இலைகள் ஒரே கணுவில் இரண்டு மூன்று சேர்ந்து முளைத்தது போலத் தெரியும். உண்மையில் இடைக்கணு ஒன்று நீளமாகவும் அடுத்தது மிகக் குட்டையாகவும் மாறி மாறி வருவதால் அப்படித் தோன்றுகிறது. பிறகு ஓர் இலையை உறையிலிருந்து பின்னால் மடக்கி, அது சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சவ்வு இருக்காது, வெள்ளை மயிர் குட்டையாக ஒரு வரிசை நிற்கும். அதுதான் கையெழுத்து. இலையின் அகலம் 2 முதல் 4 மி.மீ.

நம் பக்கத்தில் இதோடு குழப்பிக்கொள்ளும் புற்கள் மூன்று. காக்காய்க்கால் புல்லின் விரல்கள் கட்டையாக, தடித்து இருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் மணி இல்லாமல் ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தடவினாலே தெரிந்துவிடும். மயில்கொண்டைப் புல்லில் விரல்கள் ஊதாவாக, மயிரடர்ந்து, பூந்துடைப்பம் மாதிரி மென்மையாக இருக்கும். காட்டுக் கேழ்வரகு கொத்தாக நிற்கும். அடித்தண்டு தட்டையாக வெளுத்திருக்கும், தரையில் ஓடாது. மூன்றையும் ஆடு தின்னும், அதனால் மேய்ச்சலுக்குப் பரவாயில்லை. மாலைக்கும் சாற்றுக்கும் வேறுபாடு தெரிந்தே ஆகவேண்டும்.

வெள்ளறுகு அறுகின் வெள்ளை வகையா?

இல்லை. அது புல்லே இல்லை. நிமிர்ந்து வளரும் சிறு செடி. எதிரெதிராக இலை, இலைக்கக்கத்தில் சின்ன வெள்ளைப் பூ, வாயில் வைத்தால் கடும் கசப்பு. நம் கடலோரத் தரிசில் தாராளமாகக் கிடைக்கும், நாட்டு மருந்தில் தனி இடம் உண்டு. பெயரில் 'அறுகு' இருக்கிறதே என்று அறுகம்புல் பொடிக்குப் பதிலாக வெள்ளறுகுப் பொடியை வாங்கிவிடுகிறார்கள். இதில்தான் பெயர்க் குழப்பம் கைமீறிப் போகிறது. மருந்தாகக் குடிப்பவர் பொட்டலத்தில் எது எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை படிக்க வேண்டும்.

தர்ப்பையும் அறுகும் ஒன்றா? தர்ப்பணத்துக்கு அறுகு வைக்கலாமா?

வேறு வேறு. இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் விரலில் மாட்டும் பவித்திரம் தர்ப்பையில் முடிவது. அது நிமிர்ந்து வளரும் நீண்ட, முரட்டு இலைப் புல். அறுகு தரையில் ஓடும், இலை குட்டை, பவித்திரம் முடிய நீளமே போதாது. நவக்கிரக ஓமத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு: இராகுவுக்கு அறுகு, கேதுவுக்குத் தர்ப்பை. தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகிறவர்கள் பட்டியலில் இரண்டையும் சேர்த்து 'புல்லு 2 கட்டு' என்று எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் ஏதோ ஒன்றையே இரண்டு கட்டாகத் தருவார். பெயர் போட்டு எழுதுங்கள்.

கடற்கரை மணலில் அறுகு ஏன் கிடைப்பதில்லை? இதற்கு உப்பு ஆகாதா?

உப்பு ஓரளவு ஆகும். பயிர்களின் உவர் தாங்கும் அளவை மண்சாற்றின் மின்கடத்தும் திறனால் அளப்பார்கள். நெல் மீட்டருக்கு 3 டெசிசீமன் தாண்டினாலே விளைச்சலில் சரியத் தொடங்கும். அறுகு கிட்டத்தட்ட 6.9 வரை தாங்கும். அதனால்தான் நெல் சிவந்து கருகின உவர்ப்பட்ட வயலின் வரப்பில் அறுகு பச்சையாக நிற்கிறது.

ஆனால் அலையடிக்கும் மணல்மேடும் உப்பளம் ஓரச் சேறும் வேறு கணக்கு. மணல்மேட்டின் முகப்பில் இராவணன் மீசையும் அடும்பும்தான் நிற்கும். இராவணன் மீசை ஊசி இலைப் புல். மணலைப் பிடித்து நிறுத்தும், ஆடு வாய் வைக்காது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் உமரி வளரும். அறுகு இவற்றுக்குப் பின்னால், நன்னீர் கொஞ்சமாவது தங்கும் ஊரணிக் கரை, கிணற்றடி, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம் ஆகிய இடங்களில் இருக்கும். பாம்பன் தீவில் புல் தேடுகிறவர் கடலைப் பார்த்து நடக்கக் கூடாது, கிணற்றைத் தேடி நடக்க வேண்டும்.

நிழலும் இதற்கு ஆகாது. வெயில் விரும்பும் புல் இது. சீமைக் கருவேல் அடைத்த இடத்தில் அறுகு மெலிந்து காணாமல் போவதற்கு நிழலும் ஒரு காரணம், தண்ணீர்ப் போட்டி இன்னொரு காரணம். முள்ளை வெட்டி வேரோடு எடுத்த தரையில் அடுத்த ஐப்பசி மழைக்கு அறுகு திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

பிள்ளையாருக்கு எத்தனை, எப்படிப் பறிப்பது?

அர்ச்சனைக்கு 21 என்பது வழக்கம். அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாருக்கு வயிறு எரிந்தபோது 21 அறுகு சாத்திக் குளிர வைத்தார்கள் என்ற கதையோடு ஒட்டிய எண் அது. ஒவ்வொன்றும் நுனியில் மூன்று இலை விரிந்த கொழுந்தாக இருந்தால் நல்லது. கதிர் வந்த தண்டைத் தவிர்ப்பார்கள்.

பறிக்கும்போது இழுத்துப் பிடுங்காதீர்கள். வேரும் மண்ணும் சேர்ந்து வரும், கழுவியே நேரம் போகும். நுனியிலிருந்து 10 முதல் 12 செ.மீ. விட்டு நகத்தாலோ சின்ன அரிவாளாலோ அறுக்க வேண்டும். அடியில் இரண்டு கணு நின்றால் 2 வாரத்தில் அதே இடத்தில் மறுபடி பறிக்கலாம்.

மாலை கட்டினால் மதியத்துக்குள் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

வாடுவதற்குப் பெரும்பாலும் பறித்த நேரமே காரணம். வெயில் ஏறின பிறகு பறித்த புல்லில் ஏற்கனவே ஈரம் குறைந்திருக்கும். விடியலில் பறித்து, ஒரே ஒருமுறை அலசி, உதறி, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் முக்கி வைத்தால் அடி வழுவழுத்து மஞ்சளாகும். பிளாஸ்டிக் பையில் கட்டி பைக்கில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் வெந்த கீரை வாசம் வரும்.

கட்டுவதற்கு வாழை நார். முதலில் அதை அரைமணி ஊறவைக்க வேண்டும். உலர்ந்த நார் முடிச்சில் அறுந்துவிடும், நூலோ மெல்லிய தண்டை அறுத்துவிடும். எட்டுப் பத்துக் கொழுந்தை நுனி சமமாகச் சேர்த்து ஒரு கொத்து. 3 முதல் 4 செ.மீ.க்கு ஒரு கொத்து என்று வைத்தால் ஒரு முழத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு கொத்து வரும், அதாவது 100 முதல் 140 கொழுந்து. கொத்துக்கு நாலைந்து வைத்துக் கட்டினால் புதிதில் அழகாகத்தான் தெரியும். காய்ந்ததும் நார்தான் தெரியும்.

உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்குச் சாத்துவதற்கென்றால் கொத்தைத் தடிமனாகவே கட்டுங்கள். பெயரே சொல்கிறது, வெயில் நேரே விழும் சந்நிதி அது. மற்ற இடத்தில் சாயங்காலம் வரை நிற்கும் மாலை அங்கே உச்சிப் பொழுதுக்குள் சுருண்டுவிடும்.

'ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துகிறார்களே, அறுகுக்கு ஆணிவேர்கூட இல்லையே?

கேள்வி நியாயம்தான். ஆலுக்குச் சொன்னது மேலே பரவுவதை, அறுகுக்குச் சொன்னது கீழே விட்டுப்போகாமல் தொடர்வதை. ஓடுதண்டு தரைமேல் ஒரு வழி, கணுக்கட்டை தரைக்குள் ஒரு வழி. இரண்டிலும் ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகும் தகுதி உள்ளது. நடுவில் வெட்டினாலும் இரண்டு பக்கமும் பிழைக்கும். ஒரு வேரில் நிற்கும் குடும்பத்தைவிட ஊர் ஊராக வேர்விட்ட குடும்பம் தாங்கும் என்பதுதான் வாழ்த்தின் பொருள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் கடலோர வீடுகளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பொருந்துகிறது.

இலங்கைத் தமிழர் கல்யாணத்தில் 'அறுகரிசி இடுதல்' என்றே ஒரு சடங்கு உண்டு. அறுகும் அரிசியும் சேர்த்து மணமக்களுக்கு இட்டு வாழ்த்துவது. அழைப்பிதழில் அதை 'அருகரிசி' என்று அச்சடித்தால் 'அரிசி குறைந்துவிட்டது' என்றும் படிக்கலாம். அங்கே 'ற' கட்டாயம்.

மேய்ச்சலுக்கு எவ்வளவு நல்லது? ஓர் ஆட்டுக்கு எவ்வளவு?

இளம் புல்லாக இருக்கும்போது நல்ல தீவனம். முற்றிக் கதிர் விட்டால் நார் கூடிப் புரதம் குறையும். ஆடு தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர் தீவனம் எடுக்கும். 25 கிலோ ஆட்டுக்கு அது முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. பச்சை அறுகில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உலர்பொருள் என்பதால், அறுகு மட்டுமே போட்டால் இரண்டேகாலிலிருந்து மூன்று கிலோ பச்சையாக வேண்டும். தரையோடு கிடக்கும் புல்லை அந்த அளவுக்கு அறுத்துச் சேர்ப்பது ஆளை ஒடித்துவிடும். அறுகு அறுத்துப் போடுவதற்கான புல்லே இல்லை, மேயவிடுவதற்கான புல். அறுத்துப் போட வேண்டுமென்றால் நிமிர்ந்து வளரும் கொழுக்கட்டைப் புல்லை நடுங்கள்.

அறுகின் பலம் மிதி தாங்குவது. கிடை போட்டு இருநூறு ஆடு ஒரு வாரம் மிதித்த தரையிலும், கீதாரி (கிடை ஆடுகளை மேய்ப்பவர்) கிடையை மாற்றின பிறகு ஒரு மழை போதும், எழுந்துவிடும்.

முதல் மழைக்குப் பிறகு புதுப்புல் மேய்ந்த ஆடு திடீரென்று செத்துவிட்டது. புல்லில் விஷமா?

புல்லில் விஷம் இல்லை. பெரும்பாலும் இது துள்ளுமாரி. குடலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கும் ஒரு வகைப் பாக்டீரியா, வறண்ட தீவனத்திலிருந்து திடீரென்று செழித்த இளம் புல்லுக்கு மாறும்போது வேகமாகப் பெருகி நச்சைச் சுரக்கிறது. மந்தையில் நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் முதலில் விழும். துள்ளி, கால்களை இழுத்து, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வைத்தியத்துக்கு நேரம் இருக்காது, தடுப்பூசிதான் வழி. முதல்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் என்பதால் புரட்டாசி பிறக்கும் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். மழை பெய்த பிறகு ஓடுவதில் பயனில்லை, உடலில் எதிர்ப்பு உருவாக நாள் பிடிக்கும்.

ஊசியோடு சேர்த்து, முதல் வாரம் பட்டியில் கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ கடிக்க விட்டுப் பிறகு வெளியே ஓட்டுங்கள், புதுப்புல்லில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். பனி காயாத காலையில் ஓட்டுவதும் தவறு. குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரத்தில் இலை நுனிக்கு ஏறி நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு ஓட்டினால் பாதித் தொல்லை குறையும்.

மிளகாய்க் காட்டில் அறுகு ஏறிவிட்டது. எப்படி ஒழிப்பது?

ஒழிப்பது என்று சொல்ல மாட்டோம், அடக்கலாம். முண்டு மிளகாய் போடும் மானாவாரிக் காட்டில் நடக்கும் பெரிய தவறு, ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவது. கட்டையைக் கணுக்கணுவாக நறுக்கிக் காடு முழுக்க நட்டுக் கொடுத்த கதைதான். பத்து இடத்தில் இருந்தது மழை முடிவதற்குள் நூறு இடத்தில் நிற்கும்.

செய்ய வேண்டியது கோடை உழவு. பங்குனி, சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது, கொத்துக் கலப்பையால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் உழுது கட்டையை மேலே புரட்டிவிட வேண்டும். மூன்று வாரம் காயவிட்டு மறுபடி குறுக்கே ஓர் உழவு. முடிந்தால் மூன்றாவதும். ஒவ்வொரு உழவுக்குப் பின்னும் மேலே வந்த கட்டையைப் பரம்பாலோ முள்வாரியாலோ இழுத்து ஓரமாகச் சேருங்கள். செத்ததா என்று பார்க்க ஒன்றை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்து உள்ளே பழுப்பாக இருந்தால் செத்தது. வளைந்து, உள்ளே வெள்ளையாக ஈரம் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. உயிருள்ளதை வரப்பில் எறிவதும் குப்பைக்குழியில் போடுவதும் அடுத்த ஆண்டுக்கு விதை சேமிப்பதற்குச் சமம். பாறையிலோ தார்ச்சாலை ஓரத்திலோ பரப்பிக் காய வைத்துவிடுங்கள்.

வரப்பில் இருக்கும் அறுகை விட்டுவிடுங்கள். வரப்பு கரையாமல் நிற்பது அதனால்தான்.

கண்மாய்க் கரையிலோ வீட்டு முற்றத்திலோ நட வேண்டும். எப்படி?

விதை தேட வேண்டாம். மூன்று கணு உள்ள 15 செ.மீ. ஓடுதண்டுத் துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் 5 செ.மீ. ஆழத்தில், ஒரு கணு வெளியே. 20 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 துண்டு. பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடத்துக்கு 1250 துண்டு வேண்டும். நறுக்கிய அன்றைக்கே நடுங்கள், வெயிலில் அரைநாள் கிடந்தால் பாதி பிழைக்காது. ஐப்பசி முதல் மழையோடு நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். மழை தவறினால் முதல் பத்து நாள் தினமும் தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால் சிக்கல். வளர்ந்த புல் தாங்கும் உப்பைப் புது வேர் தாங்காது. வேர் பிடிக்கும் வரைக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள். தரை மூட இரண்டு, இரண்டரை மாதம். அதுவரை ஆட்டை விட்டால் துண்டோடு பிடுங்கித் தின்றுவிடும்.

கண்மாய்க் கரையில் ஒன்றை நினைவில் வையுங்கள். அறுகு மேல்மண் அரிப்பைத் தடுக்கும். கரைக்குள் கசிவு இருந்தால் அதைத் தடுக்காது. புல் பச்சையாக இருக்கிறதே என்று கசிவைக் கவனிக்காமல் விடக் கூடாது. கோடையில் கரையின் வெளிப்பக்கம் ஒரு திட்டு மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தால், அங்கேதான் கசிகிறது.

சாறு எடுக்கிற அளவு? யார் குடிக்கக் கூடாது?

ஒருவருக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் இளம் புல். வேரையும் மஞ்சள் இலையையும் கிள்ளிவிட்டு, மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி, 150 மி.லி. தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிய வேண்டும். நறுக்காமல் மிக்சியில் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும். பிழிந்ததை உடனே குடித்துவிட வேண்டும், வைத்தால் நிறம் மங்கிப் புளிப்பு வாடை வரும்.

எங்கே பறித்தது என்பதுதான் அளவைவிட முக்கியம். சாக்கடை ஓரம், பேருந்து நிலையம், களைக்கொல்லி அடித்த வரப்பு, நாய் புழங்கும் தரை ஆகியவை வேண்டவே வேண்டாம். நாய்க் கழிவு பட்ட புல்லில் புழுமுட்டை ஒட்டியிருக்கும், அலசினாலும் முழுக்கப் போகாது. தொட்டியில் வளர்த்துக்கொள்வதே நல்லது.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பச்சை இலைச்சாறு எதுவானாலும் அவர்களுக்கு இந்தக் கணக்கு உண்டு. சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பொடி போட்டு விற்கிறோம். பொட்டலத்தில் எப்படி எழுதலாம்?

முகப்பில் பெரிய எழுத்தில் 'அறுகம்புல் பொடி'. பின்பக்கம் சிறிய எழுத்தில் 'அருகம்புல்' என்றும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள், இணையத்தில் பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேயே போடலாம். வெள்ளறுகுப் பொடியும் விற்பவரானால் இரண்டு பொட்டலத்துக்கும் வேறு நிறம் கொடுங்கள். 'அறுகு' என்று மட்டும் சுருக்கி எழுதி ஒரே அலமாரியில் வைத்தால் கடைப் பையன் மாற்றித்தான் எடுத்துக் கொடுப்பான்.